கைமுறுக்கு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவனுக்கு அது ஊக்கமா மிரட்டலா என்று சொல்வது கடினம். நாற்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில் மேலிருந்து ஒரு பேருந்து இறங்கியது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி. ஆனால் பேருந்தின் முகப்பிடம் விதி பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆக்ஸிலேட்டரை விட்டேன். இரண்டாவது கியரில் இருந்த புல்லட் நடை வேகத்துக்கு இறங்கியது. பேருந்தின் வால் கடந்ததும் முறுக்கினேன். வண்டி இழுக்கவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் ஒரு முறை இருமியது, இரண்டு முறை வெட்டியது, நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி அமைதியாகக் கேட்டாள்: "இறங்கிக்கட்டுங்களா?"

அதே வண்டி அன்று காலை நாமக்கல் நெடுஞ்சாலையில் எண்பதில் ஓடி வந்திருந்தது. இருமல் இல்லை, முனகல் இல்லை. எண்பதில் ஓடுகிற வண்டிக்கு எட்டில் ஏன் மூச்சு முட்டுகிறது? சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி, இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 350 கிலோ. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயர்கிற சாலை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். இந்த எடையை இந்த ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போக ஏறத்தாழ 1500 வாட் போதும். அதாவது இரண்டு குதிரைத்திறன். டயர், செயின், காற்று என்று வழியில் பிடுங்கிக்கொள்பவர்களுக்கும் பங்கு கொடுத்தால் மூன்று. என் பழைய 350 சிசி வண்டியின் கையேட்டில் இருப்பது 18. மூன்று குதிரை போதும் என்கிற இடத்தில் பதினெட்டு குதிரைக்காரன் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறான்.

கையேட்டை ஒழுங்காகப் படித்தால் அதில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்த 18 குதிரையும் நிமிடத்துக்கு 5625 சுற்றில்தான் கிடைக்கும். பேருந்து கடந்தபோது என் இஞ்சின் ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் இருந்தது. விற்பனைத் தாள்கள் எப்போதும் உச்சியை மட்டும் அச்சடிக்கின்றன: இத்தனை குதிரை, இத்தனை சுற்றில். உச்சிக்குக் கீழே உள்ள சரிவு சீரானதா, நடுவில் பள்ளம் உண்டா, அடிவாரத்தில் நிற்க இடமாவது இருக்கிறதா, இதெல்லாம் தாளில் இருக்காது. நெடுந்தூரம் போகிறவன் தன் பொழுதை அந்த அச்சாகாத பகுதியில்தான் கழிக்கிறான். ஊருக்குள் நுழையும்போது, ஆட்டு மந்தைக்குப் பின்னால், மண் பாதையில், ஏற்றத்தில், மழையில். உச்சிச் சுற்றில் என் வண்டி தன் வாழ்நாளில் மொத்தமாக ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் அதிகம்.

சேலம் கோட்டைப் பக்கம் புல்லட் மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். "புல்லிங் இல்ல பாய்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே போரை மாற்றலாம், பிஸ்டனை மாற்றலாம் என்று ஆரம்பிக்கிற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். பாய் கேட்டது வேறு.

"எங்க இல்ல?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. கொல்லிமலையில் என்றேன். சிரித்துவிட்டார். "அது இல்ல தம்பி. கீழயா, நடுவுலயா, மேலயா? எந்த எடத்துல திணறுது?"

பட்டறைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்ச்சைத் தொடாமல், தன் பக்கத்திலேயே வரச் சொன்னார். அவர் நடந்தார். நான் ஓட்டினேன். டேங்க் மேல் கை வைத்தபடி ஒரு மாட்டை ஓட்டிப்போகிறவர்போல் நடந்தார். "இப்ப மெதுவா முறுக்குங்க." வண்டி முனகிக்கொண்டே கிளம்பியது. மறுபடி நடை வேகம். "இப்ப வெடுக்குன்னு முறுக்குங்க." கொல்லிமலை இருமல் வந்தது, அச்சு அசலாக.

தமிழில் இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் திருப்புவதையும் முறுக்குவது என்கிறோம். இஞ்சின் கிராங்கைத் திருகுகிற வலிமைக்கும் பாடநூல்கள் முறுக்குவிசை என்று பெயர் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்று என்று மனம் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது. கை எவ்வளவு முறுக்குகிறதோ அவ்வளவு கிராங்கும் முறுக்கும் என்று. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஏறத்தாழ உண்மையும்கூட. ஆனால் கீழ்ச்சுற்றில் இரண்டும் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகின்றன. கைமுறுக்கு சுற்றுகிற பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்தான்: மாவு பதமாக வருமுன் விரல் அவசரப்பட்டால் பிரி விழாது, அறுந்துவிடும்.

என் வண்டியில் இருப்பது ஸ்லைடு வைத்த கார்பரேட்டர். அந்தக் காலத்து வீடுகளில் கொசுவுக்கு மருந்து அடிக்க ஒரு கை பம்பு இருக்குமே, கொள்கை அதேதான். ஒரு சிறு குழாயின் வாயைக் கடந்து காற்று வேகமாகப் போனால் கீழே இருக்கிற திரவம் மேலேறித் தூவலாகும். காற்றின் வேகம்தான் பெட்ரோலைத் தூக்குகிறது. கை முறுக்கும்போது கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்குகிறது. வாசல் அகலமாகிறது. ஆனால் உள்ளே இழுக்கிற பிஸ்டன் இன்னும் பழைய நிதானத்தில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. குறுகிய சந்தில் விரைந்த காற்று திடீரென்று அகன்ற வாசலில் சோம்பிப் போகிறது. பெட்ரோல் ஏறவில்லை. வெறும் காற்றைக் குடித்த இஞ்சின் இருமுகிறது. பின்னாளில் வந்த புல்லட்டுகளில் இந்த அவசரத்துக்கு அணை போட்டார்கள். கை ஒரு தகட்டை மட்டும் திறக்கும். ஸ்லைடைத் தூக்குவது இஞ்சினின் உறிஞ்சல். எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவே வாசல் திறக்கும், காற்றின் வேகம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். கார்களில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. கை என்ன கேட்டாலும் இஞ்சின் தனக்குச் செரிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

கார்பரேட்டருக்குள் ஒரு வேலைப் பிரிவினையும் உண்டு. ஆக்ஸிலேட்டர் எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட விளிம்பு. காலிலிருந்து முக்கால்வரை ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். மலையில், ஊருக்குள், மழையில் நாம் வாழ்வதெல்லாம் முதல் மூன்றில். ஆனால் வண்டிக்குப் புல்லிங் வேண்டும் என்று போகிறவர்கள் முதலில் மாற்றுவது மெயின் ஜெட்டை. ஆள் குடியில்லாத மாடிக்கு வர்ணம் அடிக்கிற வேலை. நானும் அடித்திருந்தேன். பாய் என் பெரிய ஜெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தகர டப்பாவில் போட்டார். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே மாட்டினார், ஊசி அந்த அளவுக்கு மேலேறியது. ஏர் ஸ்க்ரூவைக் காதால் சரி செய்தார். திருப்பித் திருப்பி, ஐட்லிங் எந்த இடத்தில் முழுசாக விழுகிறது என்று கேட்டுக்கொண்டே. மொத்தம் இருபது நிமிடம். பாதி இருமல் போயிற்று.

மீதி பாதி கார்பரேட்டரில் இல்லை, வால்வில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் படம் போட்டிருப்பார்கள்: பிஸ்டன் இறங்கும்போது இன்லெட் வால்வு திறக்கும், அடியைத் தொட்டதும் மூடும். உண்மையில் பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்துதான் இருக்கிறது. கிராங்க் இன்னும் ஐம்பது, அறுபது பாகை சுற்றிய பிறகே பல இஞ்சின்களில் அது மூடுகிறது. ஏன் என்றால் காற்றுக்கும் எடை உண்டு. இஞ்சின் வேகமாக ஓடும்போது உள்ளே பாய்கிற காற்று, பிஸ்டன் எதிர்த்து ஏறினாலும் சட்டென்று நிற்காது. தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு உள்ளே போகும், கூட்டமான பேருந்தில் படிக்கட்டுக்காரர்களைப் பின்னால் வருகிறவர்கள் உள்ளே தள்ளுவதுபோல. மெதுவாக ஓடும்போது காற்றுக்கு அந்த முட்டல் இல்லை. ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்தவர்களில் ஒரு பகுதியை வந்த வழியே இறக்கிவிட்டுவிடுகிறது. பழைய வண்டிகளில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஒரு மெல்லிய பனிப்படலமாய் நின்று ஆடுவது தெரியும். அது திருப்பி அனுப்பப்பட்ட மூச்சு.

ஆக, கீழே இழுக்க வேண்டுமென்றால் வால்வைச் சீக்கிரம் மூட வேண்டும். சீக்கிரம் மூடினால் மேலே மூச்சு குறையும். வால்வைத் திறந்து மூடுகிற கேம் இரும்பில் செதுக்கப்பட்டது, ஒரு முடிவைத்தான் அதில் எழுத முடியும். வாலிபப் பருவத்தில் எழுதச் சொன்னால் எல்லோரும் மேலே இருப்பதைத்தான் எழுதுவார்கள்.

புல்லட்டுக்குக் கீழ் இழுவை அதிகம், காரணம் நீண்ட ஸ்ட்ரோக் என்று டீக்கடை முதல் பட்டறைவரை சொல்வார்கள். 350-இல் சிலிண்டரின் உள்விட்டமான போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடுகிற தூரமான ஸ்ட்ரோக் 90. கிராங்கின் கை நீளம், நீளமான ஸ்பேனர் எளிதாகத் திருப்புவதுபோல் அதிகம் முறுக்கும் என்பது விளக்கம். நானும் பல காலம் சொல்லித் திரிந்தேன். பாதிதான் சரி. கொள்ளளவு மாறாமல் கை நீண்டால் பிஸ்டனின் பரப்பு சுருங்குகிறது. நீளத்தில் வந்தது பரப்பில் போய்விடுகிறது. நீண்ட ஸ்ட்ரோக்கின் உதவி சுற்றி வளைத்து வருகிறது. போர் சிறியதானால் வால்வுகள் சிறியவை. வால்வு சிறியதானால் கீழ்ச்சுற்றிலும் காற்று வேகமாகப் போகும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருப்பதால் இஞ்சினை அதிகச் சுற்றுக்கு விரட்ட முடியாது. விரட்ட முடியாது என்று தெரிந்த வடிவமைப்பாளர் கேமையும் குழாய்களையும் கீழ்ச்சுற்றுக்கே அமைத்துவிடுகிறார். மேலே போக வழியில்லாததால் கீழே நன்றாக இருக்கப் பழகிய இயந்திரம் என்று சொல்லலாம். இதில் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் மலையில் பலன் இருக்கிறது.

இன்னொரு காரணம் எடை. ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். 1500 சுற்றில் நொடிக்குப் பன்னிரண்டரை வெடிப்பு. வண்டி அப்போது மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 10 மீட்டர். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 80 சென்டிமீட்டர் சாலை. அந்த 80 சென்டிமீட்டரில் பெரும்பகுதியைக் கடப்பது இஞ்சின் இல்லை, ஃபிளைவீல். முந்தைய வெடிப்பில் வாங்கிய கடனை அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. நாம் காதால் ரசிக்கிற அந்த டுபுக், டுபுக்கின் இடைவெளியில் நிற்பது இரும்புச் சக்கரத்தின் ஞாபகம். அந்த ஞாபகம் சுற்றின் வேகத்தோடு நேராகக் குறைவதில்லை, வர்க்கமாகக் குறைகிறது. 3000 சுற்றில் இருக்கிற சேமிப்பில் நான்கில் ஒரு பங்குதான் 1500-இல் மிஞ்சும். 750-இல் பதினாறில் ஒன்று. அதற்குக் கீழே சக்கரம் அடுத்த வெடிப்புவரை தாக்குப்பிடிக்காது. செயின் தொய்ந்து சுண்டும், வண்டி வெட்டும், நிற்கும். பந்தயத்துக்கு வண்டி தயாரிக்கிறவர்கள் ஃபிளைவீலைக் கடைந்து எடை குறைப்பார்கள், முறுக்கியதும் துள்ளி எழ வேண்டும் என்பதற்காக. மலைக்குப் போகிறவனுக்குத் துள்ளல் வேண்டாம்.

பெட்ரோல் இஞ்சினுக்குப் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது: நின்ற நிலையில் அதற்கு முறுக்கே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற நீராவி ரயிலைப் பாருங்கள். பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயர்கிற ஏற்றத்தில்கூட, நின்ற இடத்திலிருந்து பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கிளட்ச் என்ற பேச்சே இல்லை. நீராவியின் அழுத்தம் பிஸ்டன் மேல் நின்றபடியே அழுத்தும். மின்சார மோட்டாரும் அப்படித்தான். ஓசூரில் செய்த மின்சார ஸ்கூட்டர் ஒன்று, முன்னால் ஒரு மூட்டையோடும் பின்னால் ஓர் ஆளோடும், ஏற்காட்டின் இருபது வளைவுகளில் ஒன்றில் சத்தமில்லாமல் என்னைக் கடந்து போயிருக்கிறது. அதற்குக் கீழ்ச்சுற்று என்ற பிரச்சினையே தெரியாது. எனக்குப் பொறாமை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசுவதற்கு ஒன்றும் இல்லாத திறமை அது என்றும் தோன்றியது.

பொங்கல் விளையாட்டுகளில் மெது சைக்கிள் போட்டி ஒன்று வைப்பார்கள். கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு, கால் ஊன்றினால் அவுட். வேகப் போட்டியில் ஜெயிக்கிற பையன்கள் இதில் முதல் பத்து அடியிலேயே கால் ஊன்றிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இப்படி ஒரு பந்தயம் பிரிட்டனில் நெடுங்காலமாக உண்டு, டிரையல்ஸ் என்று பெயர். பாறையும் ஓடையும் சேறுமான பாதையில் நடை வேகத்தில் ஏற வேண்டும், கால் தரையைத் தொட்டால் புள்ளி வெட்டு. பின்பக்கம் ஸ்பிரிங் ஆட்டம் வைத்த புதிய புல்லட்டின் முன்மாதிரிகளை ராயல் என்ஃபீல்ட் முதன்முதலில் வெளியே காட்டியது 1948-இல் கோல்மோர் கோப்பை டிரையல்ஸில். 1952-இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை ஜானி பிரிட்டன் ஒரு ராயல் என்ஃபீல்டில் ஜெயித்தார், 1957-இல் மறுபடியும். அதாவது புல்லட் பிறந்தது மெது சைக்கிள் போட்டிக்காரனாக. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் அதே வண்டி உருவாகத் தொடங்கியது. இங்கே அது ராணுவத்துக்கும் போலீசுக்கும் போயிற்று, பிறகு மிராசுதார்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும். மீசையோடு சேர்த்துப் பார்க்கப்பட்டதில் அதன் உண்மையான திறமை மறந்துபோயிற்று. இது கால் ஊன்றாமல் ஏறுவதற்காகச் செய்த வண்டி.

அந்த மறதிக்கு ஒரு பரிகாரமாக 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனைச் சொல்லலாம். 411 சிசி, போர் 78, ஸ்ட்ரோக் 86. இஞ்சினின் பெயரான எல்எஸ் 410-இலேயே நீண்ட ஸ்ட்ரோக் இருந்தது. 24 குதிரைக்குச் சற்று மேல், 32 நியூட்டன் மீட்டர் முறுக்கு, அதுவும் நாலாயிரத்தை ஒட்டிய சுற்றில். எண்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 2023-இல் வந்த 450 வேறு பிறவி: போர் 84, ஸ்ட்ரோக் 81.5, நான்கு வால்வு, தண்ணீர்க் குளிர்ச்சி, 40 குதிரை, 40 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த 40 நியூட்டன் மீட்டர் 5500 சுற்றில். எல்லா வகையிலும் மேலான இஞ்சின். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது பழையதை யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனாலும் பழைய 411-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் நண்பர்களிடம் ஏன் என்று கேட்டால், கியர் மாற்றச் சோம்பல் என்பார்கள். அது சோம்பல் இல்லை என்பது என் கட்சி. நடுவில் 2018-இல் வந்த 650 இரட்டைச் சிலிண்டருக்கு நிறுவனம் உச்சியைச் சொன்னதோடு நிற்காமல், முறுக்கில் 80 சதவீதம் 2500 சுற்றிலேயே கிடைக்கும் என்றும் சொன்னது. அடிவாரத்தைப் பற்றிப் பேசிய விளம்பரத்தை நான் பார்த்தது அபூர்வம்.

பணம் இருந்தால் ஒரு கேமில் இரண்டு முடிவுகளை எழுதலாம். 2018-இன் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்ஸில் இன்லெட் கேம் தண்டு பக்கவாட்டில் நகரும். மெதுவாகப் போகும்போது ஒரு முகம், விரட்டும்போது இன்னொன்று. மெது முகத்தில் இரண்டு இன்லெட் வால்வுகளும் சமமாகத் திறப்பதில்லை, உள்ளே வரும் காற்று சுழலட்டும் என்பதற்காக வேண்டுமென்றே ஒன்றைக் குறைவாகத் திறக்கிறார்கள். முந்தைய 1200-இன் 125 நியூட்டன் மீட்டர் 143 ஆனது. கொள்ளளவைக் கூட்டியதும் ஒரு காரணம். ஹோண்டா 2002-இல் விஎஃப்ஆர் 800-இல் ஏழாயிரத்தை ஒட்டிய சுற்றுவரை சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளை மட்டும் வேலை வாங்கியது. மற்ற இரண்டும் சேர்கிற கணம் ஓட்டுகிறவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, பலருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல சரிவில் படிக்கட்டு இருக்கக் கூடாது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். கொல்லிமலைக்கு இரண்டு மாதம் முன்பு சென்னையில் ஒரு கடையில் சைலன்சரை மாற்றியிருந்தேன். உள்ளே தடுப்பே இல்லாத நேர்க்குழாய். கூடவே கூம்பு வடிவ ஃபில்டர். சத்தம் நெஞ்சில் அடித்தது. வண்டி நன்றாக மூச்சு விடுகிறது என்றார்கள், நம்பினேன். சைலன்சர் புகைபோக்கி மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வெடிப்பின் புகையும் குழாய்க்குள் ஓர் அலையாக ஓடி, முனையில் மோதித் திரும்புகிறது. அது திரும்பி வருகிற நேரம் சரியாக அமைந்தால் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி வெளியே இழுக்கும். தவறாக அமைந்தால் வெளியே போன புகையை மறுபடி உள்ளே தள்ளும். எந்தச் சுற்றில் சரி, எந்தச் சுற்றில் தவறு என்பது குழாயின் நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது. ஆலையிலிருந்து வந்த அசிங்கமான, கனமான சைலன்சருக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். நான் சத்தத்துக்காக அந்தக் கணக்கைப் பரணில் போட்டுவிட்டேன். யமஹா 1980களின் இறுதியில் தன் வேக வண்டிகளின் புகைக்குழாயில் ஒரு கதவு வைத்தது, மோட்டார் ஒன்று கீழ்ச்சுற்றில் அதைப் பாதி மூடும், மேல்சுற்றில் திறக்கும். மூச்சு தாராளமாக இருந்தால்தான் நல்லது என்று நம்பியிருந்த எனக்கு, பந்தயக்காரர்களே காசு செலவழித்து அடைப்பு வைத்த சேதி கொஞ்சம் வெட்கத்தைத் தந்தது.

இப்போதைய வண்டிகளில் கார்பரேட்டர் இல்லை, பாயின் காது போல ஒரு சென்சார் புகையை முகர்ந்து பெட்ரோலை அளக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்கிற, புகை சுத்தமாக இருக்கிற இடத்தில் நிறுத்தப் பார்க்கிறது. இஞ்சின் கீழ்ச்சுற்றில் மெத்தென்று இழுக்க விரும்புவது அதைவிடக் கொஞ்சம் செழிப்பான கலவையை. இந்த இடைவெளியில் ஒரு சிறு வியாபாரம் நடக்கிறது. ஒரு கருவியைச் செருகினால் வெளிக்காற்று உண்மையில் இருப்பதைவிட 20 டிகிரி குளிர்ச்சியானது என்று கணினியிடம் சொல்லும். குளிர்காற்று அடர்த்தி அதிகம் என்று நம்பி அது கூடுதலாகப் பெட்ரோல் விடும். இயந்திரத்திடம் பொய் சொல்லி இழுவை வாங்குவது. ஓடுகிறது, மறுக்க முடியாது. புகைக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. என்னைப் போன்ற கார்பரேட்டர்காரர்களுக்குப் பொய் சொல்ல ஆளே இல்லை. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகத்தான் வேண்டும், சுமார் பதின்மூன்றரைப் பங்கு. பழைய ஜெட்டில் அதை விட்டால் கலவை தானாகவே மெலிந்துவிடும். முதலில் தெரிவது கீழ்ச்சுற்றில்தான். ஒரு அளவு பெரிய பைலட் ஜெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

என் வண்டிக்குத் திரும்பினால், பழைய சைலன்சரை வீட்டுப் பரணிலிருந்து இறக்கினோம். பாய் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தார், 17-க்குப் பதில் 16. இஞ்சினைத் தொடாமலே ஆறு சதவீதம் இழுவை கூடியது. எண்பதில் இப்போது வண்டி கொஞ்சம் கத்துகிறது. பின்சக்கர ரப்பர்களை மாற்றினார், ஆக்ஸிலேட்டர் கேபிளின் தொய்வை எடுத்தார். டைமிங் பார்க்கும்போது, தீப்பொறியின் நேரத்தை மாற்றுகிற ஆட்டோ அட்வான்ஸின் ஒரு சிறு எடை துருப்பிடித்துப் பாதியில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. மெதுவாக ஓடும்போது தீப்பொறி தாமதமாக வர வேண்டும், என் வண்டியில் எப்போதும் அவசரமாகவே வந்துகொண்டிருந்தது. இஞ்சினில் புதிதாக எதுவும் சேரவில்லை. நான் செய்ததை நீக்கியதும் துரு செய்ததை நீக்கியதும்தான். பில்லைப் பார்த்தால், மெயின் ஜெட்டுக்கும் சைலன்சருக்கும் நான் கொடுத்ததில் கால் பங்கு வரவில்லை.

கடைசியாக மைதானத்துக்குக் கூட்டிப்போனார். "கிளட்ச்ச மட்டும் விடுங்க தம்பி. கைய முறுக்காதீங்க." ஐட்லிங்கிலேயே வண்டி நகர்ந்தது. அவர் பக்கத்தில் நடந்துவந்தார். மைதானத்தை ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. என் வலது கை சும்மா இருக்க மறுத்தது. ஒவ்வொரு முறை அது துடித்தபோதும் பாய் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

அடுத்த மாதம் மறுபடி கொல்லிமலை. மழை விட்டிருந்தது, பாறைகளிலிருந்து தண்ணீர் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. இந்த முறை பேருந்து இல்லை, ஒரு ஜீப், வளைவின் உள்பக்கத்தையும் சேர்த்து அடைத்தபடி. முழுசாக நிறுத்தினேன். ஜீப் போனதும் கிளட்ச்சை விட்டேன், விரல்கள் பிடியின் மேல் திறந்தபடி. டுபுக். நீண்ட இடைவெளி. இனி வராது என்று நினைத்தபோது அடுத்த டுபுக். முன்சக்கரம் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே திரும்பியது. இஞ்சினுக்குள் லேசாக நாக்கிங் கேட்டது, அது இன்னும் போகவில்லை. மனைவி முதுகில் தட்டினாள். பயந்துவிட்டாளோ என்று திரும்பினேன். ஓரத்தில் ஒரு பெண் சாக்கு விரித்து அன்னாசிப்பழம் குவித்திருந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள், அந்த ஏற்றத்திலேயே.